காணொளிக்குள் ஒளிந்திருக்கும் பெயர்ச்சீட்டு

வீட்டிலுள்ள திரைப்படங்களையும் குடும்பக் காணொளிகளையும் ஒரே இடத்தில் சேர்த்து, தொலைக்காட்சியில் வரிசையாகக் காட்டுவதற்கு பிளெக்ஸ், ஜெல்லிஃபின், கோடி போன்ற மென்பொருள்கள் உள்ளன. ‘பில்லா’ என்ற பெயரில் ஒரு கோப்பைப் போட்டால் போதும். விளம்பரப் படம், கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல் எல்லாம் தாமாக வந்து சேரும். மென்பொருள் படத்தைப் பார்த்துவிட்டா இதைச் சொல்கிறது? இல்லை. ஒரு காட்சியைக்கூட அது பார்ப்பதில்லை. கோப்பின் பெயரைப் படிக்கிறது, இணையத் தரவுத்தளத்தில் அந்தப் பெயரைத் தேடுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் அடிக்கடி தடுமாறுகிறது. 1980இல் ரஜினிகாந்த் நடித்த ‘பில்லா’ உண்டு. 2007இல் அஜித் நடித்து, பெரும்பகுதி மலேசியாவிலேயே படமாக்கப்பட்ட ‘பில்லா’வும் உண்டு. பெயரோடு ‘(2007)’ என்று சேர்த்து எழுதினால்தான் அதற்கு வேறுபாடு புரியும்.

சினிமாவுக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது. பொங்கலன்று உங்கள் பாட்டி பாடிய பாட்டை எந்தத் தரவுத்தளத்தில் போய்த் தேடுவது? அது கைப்பேசியில் வெறும் எண்களால் ஆன ஒரு பெயரோடு கிடக்கும். இருபது ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்குப் பாடுவது யார், எந்த ஊர் என்று ஒன்றும் தெரியாது. கோப்பின் பெயரை மாற்றி வைக்கலாம்தான். ஆனால் அது டின்னின் மேல் ஒட்டிய தாள் மாதிரி. யார் வேண்டுமானாலும் கிழித்துவிட்டு வேறொன்றை ஒட்டலாம். அதைவிட உறுதியானது, கோப்பின் உள்ளேயே எழுதப்படும் குறிப்பு. இதைத்தான் மெட்டாடேட்டா என்கிறோம்.

உள்ளே எங்கே எழுதுவது? எம்பி4 கோப்பு என்பது பெட்டிகளின் வரிசை. ஒவ்வொரு பெட்டியின் முதல் 4 பைட் அதன் அளவைச் சொல்லும். அடுத்த 4 பைட் அது என்ன பெட்டி என்று சொல்லும். ‘எம்டாட்’ என்ற பெட்டியில் படமும் ஒலியும் இருக்கும். கோப்பின் எடை முழுக்க அதில்தான். ‘மூவ்’ என்ற சிறிய பெட்டியில் காணொளியின் நீளம், பதிவான நேரம், எந்தக் காட்சி எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற அட்டவணை எல்லாம் இருக்கும். தலைப்பு, ஆண்டு, கருத்து போன்ற குறிப்புகள் பெரும்பாலும் இதனுள்ளே இன்னும் சிறிய பெட்டிகளில் அடங்கியிருக்கும். (எம்கேவி கோப்புகளின் வடிவத்துக்கு ‘மட்ரோஸ்கா’ என்று பெயர். ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் ரஷ்ய மரப்பொம்மையிலிருந்து வந்த பெயர் அது.)

குறிப்பும் படமும் தனித்தனிப் பெட்டிகளில் இருப்பதால், தலைப்பை எத்தனை முறை திருத்தினாலும் படத்தின் தரம் குறையாது. பிறகு ஏன் சில பெரிய கோப்புகளில் ஒரு சொல்லை மாற்றவே நெடுநேரம் ஆகிறது? ‘மூவ்’ பெட்டி முன்னால் இருந்து, அது பெருத்துவிட்டால், பின்னாலுள்ள படம் முழுவதும் நகர வேண்டும்; அட்டவணையின் எண்களும் மாற வேண்டும். இதைத் தவிர்க்கவே சில மென்பொருள்கள் நடுவில் ஒரு வெற்றுப் பெட்டியை விட்டுவைக்கின்றன. பேருந்தில் பக்கத்து இருக்கையில் பையை வைத்து இடம் பிடிப்பது போல!

நேரக் குறிப்பின் கதை இன்னும் சுவையானது. எம்பி4இல் தேதி எழுதப்படுவதில்லை. 1904 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை வினாடிகள் கடந்தன என்ற எண் மட்டுமே எழுதப்படுகிறது. அந்த எண் 0ஆக இருந்தால் மென்பொருள் சில சமயம் ‘1904’ என்று காட்டும். உங்கள் தம்பியின் பிறந்தநாள் விழா 1904இல் நடந்ததாகத் தெரிந்தால், காரணம் இதுதான். மேலும், இந்த எண் உலகப் பொது நேரத்தில் இருக்க வேண்டும். மலேசியாவும் சிங்கப்பூரும் அதற்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கின்றன. தீபாவளியன்று காலை 7 மணிக்கு எடுத்த காணொளியின் உள்ளே முந்தைய இரவு 11 மணி என்றுதான் இருக்கும். 8 மணியைக் கூட்ட மறந்த மென்பொருள், உங்கள் தீபாவளியை ஒரு நாள் முன்னதாக அடுக்கிவிடும்.

ஆக, உள்ளே எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று நம்பிவிடக் கூடாது. பெற்றோரின் திருமண வீடியோ கேசட்டைக் கோப்பாக மாற்றினால், உள்ளே பதிவாவது மாற்றிய நாள். திருமண நாள் அல்ல. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் காணொளி மறுபடி சுருக்கப்பட்டு, மூலக் குறிப்புகள் உதிர்ந்துவிடும். அதை ஓர் ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும். பாட்டியின் பாட்டை உறவினருக்கு அனுப்புகிறீர்களென்றால் இரண்டாவது வழியே நல்லது.

விண்டோஸ் கணினியில் எம்பி4 கோப்பின் மேல் வலப்பக்கச் சொடுக்கு, ‘பிராப்பர்ட்டீஸ்’, பிறகு ‘டீடெய்ல்ஸ்’. அங்கே ‘டைட்டில்’, ‘கமெண்ட்ஸ்’ ஆகியவற்றில் தமிழிலேயே எழுதலாம். முதலில் ஒரு நகலில் செய்து பாருங்கள். ஜெல்லிஃபின் வைத்திருப்பவர்கள், கோப்பின் பெயரைவிட உட்குறிப்பிலுள்ள தலைப்புக்கு முன்னுரிமை தரும் தெரிவை அமைப்புகளில் இயக்க வேண்டும்.

எழுதும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். கைப்பேசி உங்களைக் கேட்காமலேயே இடத்தையும் எழுதியிருக்கலாம். ‘+03.1390+101.6869’ என்பது கோலாலம்பூரில் ஒரு புள்ளி. ஒரு பாகை அட்சரேகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். அப்படியானால் நான்காவது தசம இலக்கம் சுமார் 11 மீட்டர். தெருவை மட்டுமல்ல, வீட்டையே காட்டிக்கொடுக்கும் துல்லியம் இது! பொதுவெளியில் பகிரப்போகும் காணொளிகளை எடுக்குமுன் கேமரா அமைப்பில் இடப்பதிவை அணைத்துவிடுங்கள். குடும்பத் தொகுப்புக்கு, ‘பாட்டி வீடு, ஈப்போ’ என்று கருத்துப் பகுதியில் நீங்களே எழுதிக்கொள்ளலாம்.