வீட்டில் கட்டிய விமானமும் எஞ்சினின் வெப்பமும்

ஆகாய விமானம் என்றதும் பெரிய தொழிற்சாலைகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், தம் வீட்டுக் கொட்டகையில் மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் உழைத்து, தம் கையாலேயே சிறு விமானம் ஒன்றைக் கட்டி அதில் பறப்போரும் உலகில் உளர். அமெரிக்காவில் இஃது ஓர் இயக்கமாகவே வளர்ந்திருக்கிறது. 1953-ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் பால் பொபெரெஸ்னி என்பவர் தொடங்கிய பரிசோதனை விமானச் சங்கம் இத்தகையோரை ஒன்று சேர்த்தது. ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் என்னும் பொறியாளர் வகுத்த ‘ஆர்.வி.’ வரிசை விமானங்கள் மட்டுமே பதினாயிரத்துக்கு மேல் இவ்வாறு கட்டப்பட்டுப் பறந்திருக்கின்றன.

ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கட்டிய விமானம் முதன்முதலாக மேலே ஏறும்போது, அதை ஓட்டுபவரைத் திடுக்கிட வைக்கக்கூடிய தொல்லை ஒன்று உண்டு. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுதலே அது. அது ஏன் நேர்கிறது, அதை எவ்வாறு தணிப்பது என்பதையே இன்று விளக்க விரும்புகிறேன்.

எஞ்சினில் எரியும் பெட்ரோல் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே முன்னுள்ள புரொப்பெல்லரைச் சுழற்றப் பயன்படுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. மற்றது சிலிண்டர்களின் உலோகத்திலும் எண்ணெயிலும் ஏறுகிறது. சிலிண்டரின் தலைப்பகுதி அலுமினியக் கலவையால் ஆனது. சூடு ஏற ஏற அதன் வலிமை குன்றும். சிறு விமானங்களில் பெரிதும் வழங்கும் லைகமிங் நான்கு சிலிண்டர் எஞ்சின்களுக்கு 260 டிகிரி செல்சியஸ் என்பது கடக்கக் கூடாத எல்லை. எஞ்சின் நெடுநாள் உழைக்க வேண்டுமாயின், தொடர்ந்து ஓடும்போது சூடு சுமார் 225 டிகிரிக்குள் இருத்தல் நலம். சூடு மிகுந்தால் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முறையாக எரியாமல் ஒரே கணத்தில் வெடிக்கத் தொடங்கும். பிஸ்டனில் துளை விழவும் கூடும். மோட்டார் வண்டியில் இப்படி நேர்ந்தால் சாலையோரத்து மர நிழலில் நிறுத்தலாம். தரையிலிருந்து நூறு மீட்டர் உயரத்தில் சாலையோரம் ஏது?

ரைட் சகோதரர்கள் 1903-இல் பறந்த விமானத்தின் எஞ்சினை நீர் குளிர்வித்தது. ஆனால் நீரும், அதற்குரிய தொட்டியும் குழாயும் சுமையல்லவா? ஆகையால் சிறு விமானங்களில் பெரும்பாலும் காற்றே குளிர்விக்கும் பணியைச் செய்கிறது. மோட்டார் சைக்கிளின் சிலிண்டரைச் சுற்றி மெல்லிய உலோக விளிம்புகள் அடுக்கடுக்காக இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விமான எஞ்சினிலும் அத்தகைய விளிம்புகளே வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கின்றன.

அப்படியானால் சிலிண்டர்களைத் திறந்த காற்றில் நீட்டி வைத்தால் போதாதா? தொடக்கக் காலத்தில் அவ்வாறே செய்தனர். காற்று சிலிண்டரின் முன்புறத்தில் மோதி இரு பக்கமும் ஒதுங்கி ஓடிவிடும். பின்புறம் வெந்துகொண்டே இருக்கும். விமானத்தின் வேகமும் குறையும். 1928-இல் அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் பிரெட் வீக் என்பவரும் அவர் துணைவரும் எஞ்சினை ஒரு வளையக் கூட்டினால் மூடி, உள்ளே வரும் காற்றைத் தகடுகளால் நெறிப்படுத்தினர். சோதனை விமானத்தின் வேகம் மணிக்கு 118 மைலிலிருந்து 137 மைலாக உயர்ந்தது. எஞ்சினும் செவ்வனே குளிர்ந்தது. காற்றின் அளவைவிட, அது செல்லும் வழியே முதன்மையானது என்பது அன்று தெளிவாயிற்று.

இன்றைய சிறு விமானத்தின் மூக்கில், புரொப்பெல்லரின் இரு பக்கமும் இரண்டு துளைகளைக் காணலாம். அவற்றின் வழியே புகும் காற்று, எஞ்சினுக்கு மேலுள்ள அறையில் வேகம் தணிந்து அழுத்தம் பெறுகிறது. எஞ்சினுக்குக் கீழே மற்றோர் அறை உண்டு. அதில் அழுத்தம் குறைவு. இரண்டுக்கும் நடுவே தடுப்புத் தகடுகளும் அவற்றின் ஓரங்களில் ரப்பர்ப் பட்டைகளும் இருக்கும். ஆகவே காற்று சிலிண்டர் விளிம்புகளின் இடுக்குகளில் நெருங்கி நுழைந்துதான் கீழே செல்ல வேண்டும். அதைத் தள்ளும் விசை, மேலறைக்கும் கீழறைக்கும் உள்ள அழுத்த வேறுபாடே. வாய்க்காலின் கரையில் உடைப்பு இருந்தால் கடைமடை வயலுக்கு நீர் எட்டாது. தகட்டோரத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் இங்கே அதே கதைதான். காற்று எளிய வழியே ஓடிவிடும், சிலிண்டர் வாடும்.

இதை ஒரு கணக்கால் காண்போம். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில், கடல் மட்டத்தில், எதிர்க்காற்றின் முழு அழுத்தம் ஏறத்தாழ பதினைந்தரைச் சென்டிமீட்டர் நீருயரத்துக்குச் சமம். வேகம் பாதியானால் அழுத்தம் கால் பங்காகும். மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தரைச் சென்டிமீட்டர் அளவே கிடைக்கும். விமானம் மேலே ஏறும்போது எஞ்சின் முழு வலிமையோடு உழைக்கிறது, வேகமோ குறைவு. வெப்பம் மிகுந்த வேளையிலேதான் காற்று குறைந்து நிற்கிறது! ஆகவே, சற்றே வேகமாகவும் சாய்வு குறைத்தும் ஏறுவது செலவில்லாத முதல் மருந்து.

சூடேறியதும் முன்துளையைப் பெரிதாக்கலாம் என்றே பலருக்கும் தோன்றும். நான் அவர்களைக் கேட்பது ஒன்றே: உள்ளே வந்த காற்று வெளியேற வழி இருக்கிறதா? 30 டிகிரியில் புகும் காற்று 90 டிகிரிக்குச் சூடானால், அதன் பருமன் ஐந்தில் ஒரு பங்கு கூடும். வெளிவாய் சிறிதானால் கீழறையில் அழுத்தம் தேங்கும். அப்போது முன்துளையை எவ்வளவு அகலமாக்கினாலும் பயன் சிறிதே. விமானத்தைப் பின்னிழுக்கும் காற்றின் தடைதான் வளரும்.

குறை எங்கே என்று அறிய விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. வளைத்த கண்ணாடிபோன்ற குழாயில் சிறிது வண்ண நீரை ஊற்றி, ஒரு முனையை மேலறையோடும் மறுமுனையைக் கீழறையோடும் இணைத்தால், நீர்மட்ட வேறுபாடே நமக்கு வேண்டிய எண். பிறகு ஒவ்வோர் அறையையும் வெளிக்காற்றின் அழுத்தத்தோடு தனித்தனியே ஒப்பிட வேண்டும். மேலறையில் மட்டும் அழுத்தம் குறைந்திருந்தால் முன்துளையின் அமைப்பை ஆராய்க. கீழறையில் மட்டும் மிகுந்திருந்தால் வெளிவாயை அகலமாக்குக. அதன் முன்னோரத்தில் கீழ்நோக்கிய சிறு உதடு போன்ற தகட்டைப் பொருத்தினாலும் அழுத்தம் இறங்கும். மேலே குறைவும் கீழே மிகுதியும் சேர்ந்து தோன்றினால் கசிவை ஐயுறுக. இருட்டில் உறைக்குள் ஒரு விளக்கை ஏற்றி வைத்தால், ஒளி கசியும் இடமெல்லாம் காற்றும் கசியும் இடமாகும்.

ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் சுடுவதும் உண்டு. லைகமிங் எஞ்சினில் சில சிலிண்டர்களின் ஒரு பக்கத்தில் விளிம்புகள் மிகக் குட்டையானவை. அப்பக்கத்தில் தடுப்புத் தகடு ஒட்டி அமர்ந்தால் காற்றுக்கு வழியே இல்லை. தகட்டின் அடியில் ஒரு வாஷரைச் செருகிச் சிறிதே விலக்கிவிட்டால், அந்தச் சிலிண்டரின் சூடு தணியும். காசுக்கு ஒன்று கிடைக்கும் வாஷர் செய்யும் வேலை இது! வழி இருக்கக் கூடாத இடத்தில் அடைப்பதும், வழி வேண்டிய இடத்தில் திறப்பதும் ஒரே கலையின் இரு பக்கங்கள்.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் செய்துவிடலாகாது. ஒரு மாற்றம், ஒரு பறப்பு, ஒரு குறிப்பு என்று செல்ல வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால், பயன் தந்தது எது என்பது தெரியாமற்போகும். வெயிலின் அளவையும் உடன் குறித்தல் வேண்டும். குளிர்காலக் காலையில் நலமாயிருந்த எஞ்சின், கோடை நண்பகலில் எல்லையைத் தொடக்கூடும். அமெரிக்காவில், வீட்டில் கட்டிய விமானம் பிறரை ஏற்றிச் செல்வதற்குமுன் வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரம் மக்கள் நெருக்கமில்லா இடங்களின்மேல் சோதனையாகப் பறக்க வேண்டும் என்னும் விதி உண்டு. கட்டியவர் தம் எஞ்சினின் இயல்பை அளந்தறிய வாய்த்த காலம் அது. தம் பக்கத்து இருக்கையில் மனைவியையோ மகனையோ அமர்த்துமுன், குழாயிலுள்ள நீர்மட்டம் என்ன சொல்கிறது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.