மாடு நமக்கு என்ன விலை போடும்?

காங்கேயத்துக்குப் பக்கத்தில், சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் திருவிழாவையொட்டி மாட்டுச் சந்தை கூடும். வாங்க வருபவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள், கொம்பையும் திமிலையும் பார்ப்பார்கள். அதே நேரத்தில் மாடும் நம்மைப் பார்க்கிறதே... அது நமக்கு என்ன விலை போடும்?

இந்தக் கேள்வியைத்தான் 1726-ல் ஜொனாதன் ஸ்விஃப்ட் கேட்டார். 'கலிவரின் பயணங்கள்' என்றதும் ஆறு அங்குல உயர லில்லிபுட் மனிதர்கள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். ஆனால், அது வெறும் குழந்தைக் கதையல்ல. முட்டையை எந்த முனையில் உடைப்பது என்பதற்காக அங்கே போரே நடக்கும். கயிற்றின் மேல் விழாமல் ஆடுபவருக்குப் பதவி கிடைக்கும். அந்தக் காலத்து அரசியல்வாதிகளுக்கு விழுந்த குட்டு அது!

கடைசிப் பயணம்தான் உச்சம். அந்தத் தீவில் குதிரைகள்தான் எஜமானர்கள். 'பொய்' என்பதற்கு அவற்றின் மொழியில் சொல்லே கிடையாது. மனித உருவத்தில், அழுக்கும் பேராசையுமாகத் திரியும் பிராணிகளுக்குப் பெயர் 'யாஹூ'. ஆமாம், நாம் மின்னஞ்சல் பார்த்த அதே பெயர்தான்! ஊர் திரும்பிய கலிவருக்குச் சொந்தக் குடும்பத்தின் வாடையே பிடிக்காமல் போகிறது. லாயத்தில் குதிரைகளோடு பேசிப் பொழுதைக் கழிக்கிறார்.

இவ்வளவும் எழுதிய ஸ்விஃப்ட், புத்தகத்தில் தன் பெயரைப் போடவில்லை. வழக்கு வருமோ என்று பயந்த பதிப்பாளர் சில இடங்களை மாற்றியே அச்சிட்டார்.

நம் கொங்கு மண்ணிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்பு வலுத்தபோது, இனி எழுதப்போவதில்லை என்று 2015 ஜனவரியில் அறிவித்தார் பெருமாள்முருகன். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவருக்கு ஆதரவாக வந்தது. அதன்பின் வந்த நாவலின் நாயகி ஒரு கறுப்பு வெள்ளாட்டுக்குட்டி. பெயர், பூனாச்சி.

அந்த நாட்டில் ஆட்டுக்குட்டிக்கும் வரிசையில் நின்று, காது குத்தி, அரசாங்க அடையாளம் வாங்க வேண்டும். அரசைப் பற்றி வாய் திறக்கவே சனங்களுக்குப் பயம். படிப்பவருக்கு முதலில் சிரிப்பு வரும். பிறகு சுருக்கென்று தைக்கும்.

இரண்டு புத்தகங்களுக்கும் நடுவே 290 வருட இடைவெளி. மனிதனைப் பற்றி நேராகப் பேச முடியாதபோது, அங்கே குதிரை வந்தது. இங்கே வெள்ளாடு வந்தது.

அடுத்த முறை சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கும்போது, அதன் கண்ணையும் ஒரு தரம் பாருங்கள்!