டி. பி. என்றால் என்ன?

நம் விடுதிக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையின் பெயர்ப்பலகையை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். கடையின் பெயருக்குக் கீழே, சிறிய எழுத்துகளில், "டி. பி. 7, எஃப். பி. 112" என்பதுபோல் ஏதோ எழுதியிருக்கும். குஜராத்துக்குப் புதிதாக வந்த தமிழ் மாணவர் அதை உரிம எண் என்று எண்ணிவிடுகிறார். இங்கேயே வளர்ந்த நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அது உரிம எண் அன்று, முகவரி. வயலாக இருந்த இடம் நகரமான கதை அந்த இரண்டு எண்களில் அடங்கிக் கிடக்கிறது. நகரமைப்புக் கலை பயிலாத, வேதியியல் ஆய்வுக்கூடத்தையே உலகமாகக் கொண்ட ஒருவன் அக்கதையைச் சொல்ல வருவதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்லுகிறேன்.

சிறிய ஊர் ஒன்று பெருகத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரின் எல்லைக்கு அப்பால் இருப்பவை எல்லாம் வயல்கள். அவ்வயல்கள் எப்படி இருக்கும்? தாத்தாவின் நிலத்தை மூன்று பிள்ளைகளும், அவர்களுடைய நிலத்தைப் பேரர்களும் பங்கிட்டுக்கொண்டதால், ஒவ்வொன்றும் நாடாவைப்போல் நீண்டு மெலிந்திருக்கும். ஒன்று கோணலாகவும் மற்றொன்று முக்கோணமாகவும் இருக்கும். மாட்டு வண்டி போகும் தடமன்றி வேறு சாலை இராது. இந்த வயல்களை அவரவர் விரும்பியபடி விற்று வீடு கட்டினால் வருவது நகரம் ஆகாது. சந்தும் பொந்துமான ஒரு நெரிசலே ஆகும். தண்ணீர்க் குழாய் போடவும் இடமிராது. தீயணைப்பு வண்டி நுழையவும் வழியிராது.

இதற்கு அரசாங்கம் அறிந்த பழைய மருந்து, நிலத்தைக் கையகப்படுத்துவது. ஊரைவிட்டு உழவரை வெளியேற்றி, விலை என்று ஏதோ ஒன்றைக் கொடுத்து, நிலம் முழுவதையும் எடுத்துக்கொள்வது. நிலம் இழந்தவர் வழக்கு மன்றத்துக்கு நடப்பார். அவர் நிலத்தில் எழுந்த நகரின் செல்வம் பிறரைச் சேரும்.

பம்பாய் மாகாணத்தார் 1915-ஆம் ஆண்டிலேயே வேறொரு வழியைச் சட்டமாக்கினர். அதுவே நகரமைப்புத் திட்டம், ஆங்கில எழுத்துகளின் சுருக்கமாக 'டி. பி.' அச்சட்டத்தின் இடத்துக்கு 1954-இல் வேறொரு சட்டம் வந்தது. மாநிலம் பிரிந்தபின் குஜராத் தனக்கென 1976-இல் ஒரு சட்டம் இயற்றி 1978 முதல் நடத்தி வருகிறது. ஆமதாபாத்தைச் சுற்றி 76 கிலோமீட்டர் ஓடும் சர்தார் பட்டேல் வட்டச் சாலைக்கு வேண்டிய நிலத்தின் பெரும்பகுதியும் இந்த வழியிலேயே கிடைத்தது.

வழி மிக எளியது. நூறு ஹெக்டேர் அளவுள்ள ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுகிறார்கள். அதிலுள்ள எல்லா வயல்களும் காகிதத்தில் ஒன்றாகச் சேர்க்கப்படுகின்றன. சாலை, பூங்கா, பள்ளி ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கியபின், எஞ்சிய நிலத்தைச் சதுரம் சதுரமான மனைகளாக வகுத்து, பழைய உரிமையாளருக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். கூடுமானவரை பழைய இடத்துக்கு அருகிலேயே கொடுப்பார்கள். முன்பு இருந்த வயலுக்கு 'ஓ. பி.' என்று பெயர், அதாவது மூலமனை. பின்பு கிடைப்பது 'எஃப். பி.', அதாவது இறுதிமனை. தேநீர்க் கடைப் பலகையில் உள்ளது இந்த இறுதிமனையின் எண்தான்.

பொருளின் நிறை மாறாது என்று முதல் வகுப்பிலேயே நாங்கள் பாடம் பண்ணுகிறோம். நிலத்துக்கும் அவ்விதியே. சாலை வானத்திலிருந்து இறங்குவதில்லை. ஒவ்வொருவர் வயலிலிருந்தும் ஒரு பகுதி குறைந்துதான் சாலை ஆகிறது. எவ்வளவு குறையலாம் என்பதைச் சட்டமே சொல்லுகிறது. சாலைகளுக்கு 15 விழுக்காடு. பூங்கா, விளையாட்டுத் திடல்களுக்கு 5. பள்ளி, மருத்துவமனை முதலியவற்றுக்கு 5. செலவை ஈடுசெய்வதற்காக ஆணையமே விற்றுக்கொள்ள 15. கூட்டினால் 40. ஏழைகளின் வீடுகளுக்கு 10 விழுக்காடு 'வரை' ஒதுக்கலாம் என்றும் இருக்கிறது. அந்த 'வரை' என்ற சொல் எவ்வளவு வசதியான சொல் என்பதை வாசகர்கள் கவனிக்க!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை, முறை சட்டத்தினுடையது. ஒருவருக்கு 5,000 சதுர மீட்டர் வயல். சதுர மீட்டர் 1,000 ரூபாய் வீதம் அதன் விலை 50 இலட்சம். 40 விழுக்காடு போக அவருக்கு 3,000 சதுர மீட்டர் இறுதிமனை கிடைக்கிறது. இழந்த 2,000 சதுர மீட்டருக்குப் பழைய விலைப்படி 20 இலட்சம் ஈடு. ஆனால் சாலையும் குழாயும் வந்ததால் சதுர மீட்டர் 2,500 ரூபாய் ஆகிவிட்டது. எனவே அவர் மனையின் விலை 45 இலட்சம் ஏறியிருக்கிறது. இந்த ஏற்றத்தில் பாதியைத் திட்டச் செலவுக்குத் தரவேண்டும்; அது 22½ இலட்சம். அவருக்கு வரவேண்டிய 20 இலட்சத்தைக் கழித்தால், அவர் கட்டவேண்டியது 2½ இலட்சம். கையில் இருப்பதோ 75 இலட்சம் பெறும் மனை. நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்தும் அவர் பணக்காரராகிவிட்டார்! குஜராத்தின் உழவர்கள் இத்திட்டத்தைப் பெரிதும் எதிர்க்காததன் இரகசியம் இதுவே. ஆயினும் எல்லா இடத்திலும் விலை இப்படி ஏறுவதில்லை. ஏறாத ஊரில், ஒரு பிகா நிலமே உடையவருக்கு 40 விழுக்காடு என்பது வயிற்றில் அடிப்பதுதான்.

இதற்கெல்லாம் முன்னதாக வருவது வளர்ச்சித் திட்டம் என்னும் பெரிய வரைபடம். ஊர் முழுவதற்கும் வண்ணம் தீட்டுவது அது. மஞ்சள் என்றால் குடியிருப்பு. ஊதா என்றால் தொழிற்சாலை. பச்சை என்றால் வேளாண்மை. ஒரு வயல் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறும் நாளில், அதில் ஒரு செங்கல்கூட வைக்காமலே, அதன் விலை பன்மடங்கு ஆகிறது. வண்ணம் எங்கே மாறப்போகிறது என்பதை முன்கூட்டி அறிந்தவர் யார், அறியாதவர் யார் என்பதில்தான் சிறுநகர அரசியல் பெரும்பாலும் நடக்கிறது என்பேன். இந்த வரைபடத்தின்மேல் ஆட்சேபணை எழுத இரண்டு மாதம் தருகிறார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறையேனும் அதைத் திருத்தவேண்டும் என்பதும் விதி.

வரைபடத்தில் ஒதுக்கிவிட்டு எடுத்துக்கொள்ளாமலே விட்டுவிட்டால்? அதற்கும் சட்டத்தில் வழி உண்டு. பத்தாண்டு ஆனபின் உரிமையாளர் அறிவிப்புக் கொடுக்கலாம். அதன்பின் ஆறு மாதத்துக்குள் நிலத்தை எடுக்க நடவடிக்கை இல்லையானால் ஒதுக்கீடு தானே அற்றுப்போகும். பவநகர்ப் பல்கலைக்கழகத்துக்கென ஒதுக்கிய நிலம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இன் இறுதியில் இதை உறுதி செய்தது. திட்டத்தைத் திருத்தினோம் என்று சொல்லி மறுபடியும் முதலிலிருந்து பத்தாண்டு எண்ணக்கூடாது என்பது தீர்ப்பு. பல்கலைக்கழக மாணவராகிய நமக்கு அது கசப்பாக இருக்கலாம்; ஆனால் நியாயம் அதுதான்.

இனி, திறந்த வயலில் அன்றி, நெருங்கிய பழைய ஊரிலேயே இம்முறையைக் கையாண்ட கதை ஒன்று உண்டு. 2001 ஜனவரி 26-ஆம் நாள் காலையில் கட்ச் நிலநடுக்கம் புஜ் நகரைத் தரைமட்டமாக்கியது. மதிலுக்குள் இருந்த சந்துகள் இடிபாடுகளால் அடைபட்டன. மீட்க வந்தவர்கள் உள்ளே நுழையவே திணறினர். நகரைத் திரும்பக் கட்டும்போது, அங்கே எட்டு நகரமைப்புத் திட்டங்களை வகுத்தனர். அகலமான சாலைகளுக்காக ஒவ்வொரு மனையிலிருந்தும் ஒரு பகுதியைப் பிடித்தனர். எல்லோருக்கும் ஒரே அளவாகப் பிடிக்காமல், சிறு மனைக்காரரிடம் குறைவாகவும் பெரு மனைக்காரரிடம் மிகுதியாகவும் பிடித்தது பாராட்டத்தக்கது. மதில் ஊரை இடித்துத் தள்ளிவிட்டு வேறிடம் போகாமல், பழைய மக்கள் பழைய இடத்திலேயே குடியேற அது வழிசெய்தது.

ஆனால் அதே புஜ் நகரில் ஒரு கூட்டத்தார் இக்கணக்கில் விழவே இல்லை. அவர்கள் வாடகைக்குக் குடியிருந்தவர்கள். மூலமனை உடையவருக்கே இறுதிமனை. மூலமனையே இல்லாதவருக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது? பல தலைமுறையாக மதிலுக்குள் வாழ்ந்த குடும்பங்களும் குடிக்கூலிக்காரர் என்ற ஒரே காரணத்தால் ஊருக்கு வெளியே ஒதுங்க நேர்ந்தது.

என் காரணத்தை இப்போது சொல்லுகிறேன். என் தந்தையார் சங்கரன்கோவிலிலிருந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்தவர். குஜராத்தின் நடுப்பகுதியிலுள்ள ஒரு சிறிய ஊரில் (பெயர் வேண்டாம்) ஊர் முடிந்து புகையிலை வயல் தொடங்கும் இடத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து இட்லிக் கடை வைத்திருந்தார். வாடகை வாய்ப்பேச்சு, காகிதம் ஒன்றும் கிடையாது. நிலத்துக்குச் சொந்தக்காரரைக் காகா என்று அழைப்போம், மிக நல்லவர். நான் இளங்கலை இரண்டாம் ஆண்டு படித்தபோது, கடைக்கு முன்னால் சிலர் கல் நட்டுப் போனார்கள். என்ன என்று காகாவைக் கேட்டோம். "டி. பி. வந்துவிட்டதே, தெரியாதா? உங்கள் கடையின்மேல் பதினெட்டு மீட்டர் சாலை போகிறது. எனக்குப் பின்னால் வேறு மனை வருகிறது" என்றார். அவருக்கு மகிழ்ச்சிதான். நம்மிடம் மறைக்கவேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு இல்லை. நமக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவே.

நான் அலுவலகத்துக்குப் போய் வரைபடத்தைப் பார்த்தேன். கடை இருந்த இடத்தில் இரண்டு இணைகோடுகள் இருந்தன. ஆட்சேபணைக்குரிய ஒரு மாதம் முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. "உங்கள் பெயர் சாத்-பாரில் உண்டா?" என்று மேசைக்கு அப்பால் இருந்தவர் கேட்டார். சாத்-பார் என்பது 7/12 எண் கொண்ட நிலப்பதிவேடு. நம் ஊர்ச் சிட்டா, அடங்கல் போன்றது. "இல்லை" என்றேன். "பின் உங்களுக்கென்ன?" என்றார். வீட்டுக்கு வந்து, "அப்பா, நாம் அந்த வரைபடத்தில் இல்லை" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்து, "மாவு புளித்துவிடும், போய்க் கிரைண்டரை நிறுத்து" என்றார். அவர் அன்று சொன்னது அவ்வளவுதான்.

அந்த அலுவலர் கேட்டதற்குரிய விடையைப் பின்னர் நூலகத்தில் சட்டத்தைப் புரட்டியபோதுதான் கண்டேன். ஆட்சேபணை எழுதலாம் என்று சட்டம் சொல்லுவது நில உரிமையாளரை மட்டும் அன்று. திட்டத்தால் 'பாதிக்கப்படும் எவரையும்'. வாடகைக்காரரும் அதில் அடங்குவர். அன்றியும், மூலமனையில் ஒருவருக்குள்ள உரிமை, மாற்றத்தக்கதாயின், அதை இறுதிமனைக்கு மாற்றிக்கொடுக்க நகரமைப்பு அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. உரிமைக்குக் கேடு நேர்ந்தால் ஈடு கேட்கவும் இடம் உண்டு. ஆனால் உரிமை இருந்தது என்பதைக் காட்டவேண்டுமே! பதிவு செய்த வாடகைப் பத்திரம் ஒன்று இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். எங்களிடம் இருந்தது காகாவின் நல்ல மனம் மட்டுமே.

படிகளை நினைவில் வைத்துக்கொள்வது கடினம் அன்று. முதலில் ஆணையம் தன் கருத்தை அறிவிக்கிறது. அதன்மேல் உரிமையாளர் கூட்டம் ஒன்று நடக்கிறது. அங்கே போய் உட்காருவதை எவரும் தடுப்பதில்லை. பின்பு வரைவு வெளியாகிறது. அதிலிருந்து ஒரு மாதம். அப்புறம் வரைவு மாநில அரசாங்கத்துக்குப் போகிறது. ஒப்புதல் வந்தபின் அமரும் நகரமைப்பு அதிகாரி ஒவ்வொரு மனைக்காரரையும் அழைத்து விசாரிக்கிறார். அவர்முன் பேச இன்னொரு வாய்ப்பு உண்டு என்பது உண்மையே. ஆயினும் 1999-இல் வந்த திருத்தத்தின்படி, வரைவு ஒப்புதல் பெற்றதுமே சாலை நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். சாலை போட்டபின் சாலையை நகர்த்துங்கள் என்று யாரும் கேட்டதில்லை. ஆகவே சாலைக் கோட்டின்கீழ் இருப்பவருக்கு அந்த ஒரு மாதம்தான் மாதம்.

ஆட்சேபணை எழுதுவோர் கதை எழுதவேண்டாம். மூலமனை எண், சர்வே எண், எத்தனை ஆண்டாய் இருக்கிறோம், எந்தக் கோட்டை எத்தனை மீட்டர் எந்தப் பக்கம் நகர்த்தினால் போதும் என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். குஜராத்தியில் எழுதுவது நல்லது. வகுப்புத் தோழர்கள் உதவுவார்கள். 'ஆவக்-ஜாவக்' என்று எழுதியிருக்கும் மேசையில் கொடுத்து, படியில் தேதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

2025 ஜனவரி முதல் நாள் இம்மாநிலத்தில் ஒன்பது நகரசபைகள் ஒரே நாளில் மாநகராட்சிகள் ஆயின: ஆனந்த், நடியாத், மெஹ்சாணா, மோர்பி, வாபி, நவ்சாரி, காந்திதாம், சுரேந்திரநகர், போர்பந்தர். எல்லை விரிந்த ஊரில் அடுத்து வருவது வரைபடம். அவ்வூர்களில் அறை எடுத்திருக்கும் நம்மவர், கடை வைத்திருக்கும் நம் உறவினர் பெரும்பாலும் வாடகைக்காரர்.

அப்பாவின் கடை இப்போது பழைய இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அறைக்குப் பதினொரு மாதப் பத்திரம் எழுதி வாங்கியிருக்கிறோம். காலையில் முதல் ஈடு வெந்து இறங்குமுன், அவர் குஜராத்திப் பத்திரிகையின் 'ஜாஹேர் நோட்டீஸ்' பக்கத்தை விரித்து எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். புரியாத சொல் வந்தால் எனக்குத் தொலைபேசி செய்கிறார்.