கசிந்தால் தானே நிற்கும் பம்ப்

நீச்சல் குளத்தின் பம்ப் அறையில் தண்ணீர் கசிந்தால் மணி அடித்தால் போதாதா, பம்பையே நிறுத்த வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. பம்ப் பெரும்பாலும் ஆளில்லாத நேரத்தில்தான் ஓடுகிறது. வடிகட்டிக்கு அடுத்த குழாய் விட்டுப்போனால், நிமிடத்துக்கு 200 லிட்டர் தள்ளும் மோட்டார் ஒரு மணி நேரத்தில் 12,000 லிட்டரை, அதாவது பெரிய தண்ணீர் லாரி ஒன்றின் கொள்ளளவை, வெளியே கொட்டிவிடும். நீர்மட்டம் உறிஞ்சும் வாய்க்குக் கீழே இறங்கியதும் பம்ப் காற்றை இழுத்து வெறுமனே சுழலும். சூடேறி சீல் கெடும். தடுக்கும் அமைப்போ எளியது: தரையில் சென்சாரின் இரு உலோக முனைகள், அவற்றை நீர் இணைத்ததும் ரிலே மின்சாரத்தைத் துண்டிக்கும். பம்போடு உப்பு குளோரினேட்டரும் சேர்ந்தே நிற்க வேண்டும். நீரோட்டமின்றி அது இயங்கினால் வெடிக்கக்கூடிய ஹைட்ரஜன் தேங்கும்.

மழைச்சாரலுக்கும் நின்றுவிடுமே என்பது நியாயமான தயக்கம். ஈரம் சில விநாடி நீடித்தால் மட்டுமே துண்டிக்கும்படி வைக்கலாம். வீணாக நின்றாலும் ஓரிரவில் குளம் கெட்டுவிடாது. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பம்ப் அறை குளத்துக்குக் கீழே இருந்தால், மோட்டார் நின்ற பிறகும் நீர் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். அங்கே மின் வால்வும் கூடவே மூடினால்தான் பயன். வாங்குமுன் அதைக் கேட்டுத் தெளியுங்கள்.