பேசியே உயிரைக் காக்கும் ரேஞ்சர்கள்

அமெரிக்காவில் எல்லோஸ்டோன் என்று ஒரு பூங்கா இருக்கிறது. பூங்கா என்றதும் பூச்செடியும் ஊஞ்சலும் உள்ள இடம் என்று எண்ணிவிடாதீர்கள்! இது காடும் மலையும் ஏரியும் நிறைந்த இடம். பரப்பு சுமார் 9 ஆயிரம் சதுர கிலோ மீட்டர். 1872-ம் ஆண்டில் ஏற்பட்டது. உலகத்தின் முதல் தேசியப் பூங்கா என்று இதைச் சொல்லுவார்கள்.

இங்கே கரடி உண்டு, ஓநாய் உண்டு. "பைசன்" என்னும் காட்டெருமை கூட்டம் கூட்டமாக மேய்கிறது. தரைக்குள் இருந்து கொதிக்கும் தண்ணீர் வானத்தை நோக்கிப் பீறிட்டு அடிக்கிறது. இந்த அதிசயங்களைப் பார்க்க 2021-ம் ஆண்டில் மட்டும் 48 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள்.

இத்தனை பேரும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். காட்டுக்கும் கேடு வரக் கூடாது. அதற்காகவே சில ரேஞ்சர்கள் இருக்கிறார்கள். இவர்கள் கையில் துப்பாக்கி கிடையாது. வாய்தான் இவர்களுடைய ஆயுதம்!

கன்றுக்குட்டியின் கதி

2016-ம் ஆண்டு மே மாதம். பூங்காவைப் பார்க்க வந்த சிலர், பிறந்து சில நாளே ஆன பைசன் கன்று ஒன்றைக் கண்டார்கள். "ஐயோ பாவம், குளிரில் வாடுகிறதே!" என்று இரக்கப்பட்டு, அதைத் தூக்கிக் காரில் வைத்துக் கொண்டுவந்து ரேஞ்சர்களிடம் ஒப்படைத்தார்கள்.

ரேஞ்சர்கள் கன்றை மந்தையோடு சேர்க்கப் பலமுறை முயன்றார்கள். மந்தை ஏற்றுக்கொள்ளவில்லை. கன்று மனிதர்களையும் கார்களையும் தேடித் தேடி ஓடி வந்தது. சாலையில் ஆபத்து நேரும் என்ற நிலை. கடைசியில் அதைக் கொன்றுவிட வேண்டியதாயிற்று.

கன்றைத் தூக்கியவர்கள் கெட்டவர்கள் அல்ல. அன்பு இருந்தது, விவரம் தெரியவில்லை. அந்த விவரத்தை முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் இந்த ரேஞ்சர்களின் வேலை.

எவ்வளவு தூரம்?

கரடி, ஓநாய் என்றால் 300 அடி தள்ளி நிற்க வேண்டும். பைசன், மான் என்றால் 75 அடி. இது பூங்காவின் சட்டம்.

"பைசன் சாதுவாகத்தானே புல் மேய்கிறது?" என்று பலர் கேட்பார்கள். அந்தச் சாது 900 கிலோ எடை வரை இருக்கும்! மணிக்கு 55 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடும். மனிதனால் தப்ப முடியுமா? இந்தப் பூங்காவில் மனிதர்களை அதிகமாகக் காயப்படுத்திய மிருகம் கரடி அல்ல, பைசன்தான்.

வெந்நீர் ஊற்றுகள் இதைவிடப் பயங்கரம். மேலே பார்த்தால் கெட்டியான தரை. ஆனால் அது மெல்லிய ஓடு. கால் வைத்தால் உடையும். கீழே கொதிநீர்! இந்த ஊற்றுகளில் விழுந்து வெந்து இறந்தவர்கள் 20 பேருக்கு மேல். அதனால்தான் மரப்பலகையால் நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதைவிட்டு ஓர் அடிகூட இறங்கக் கூடாது.

காத்திருக்கும் கூட்டமே வகுப்பு

"ஓல்டு பெய்த்புல்" என்ற ஊற்று சுமார் ஒன்றரை மணிக்கு ஒரு முறை நூறு அடிக்கு மேல் பீறிடும். ஒரு முறை எத்தனை நிமிடம் பீறிட்டது என்று கணக்கெடுத்து, அடுத்தது எப்போது என்று எழுதிப் போடுகிறார்கள். நெடுநேரம் பீறிட்டால் அடுத்ததற்கும் நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

ஜனங்கள் கூடி உட்கார்ந்திருக்கும் அந்த நேரம்தான் ரேஞ்சருக்கு நல்ல நேரம். "உங்கள் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது தெரியுமா?" என்று கேட்டுப் பேச்சைத் தொடங்கலாம். அதட்டினால் கேட்காதவர்கள், கதை சொன்னால் கேட்பார்கள்.

இப்படிப் பேசுவதற்கு வழிகாட்டியவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. பெயர் இசபெல் பாசெட் வாசன். பூமியின் அமைப்பைப் படித்தவர். 1919-ல் சுற்றுலா வந்தவர், உடன் வந்தவர்களுக்குப் பாறைகளைப் பற்றி எளிதாக விளக்கினார். பூங்காவின் தலைவர் ஆல்பிரைட் அதைக் கேட்டு வியந்தார். அடுத்த ஆண்டே அவரை ரேஞ்சர் ஆக்கினார்!

பின்வரிசையில் ஒருவர்

கோடைக் காலத்துக்கு மட்டும் பலர் ரேஞ்சர் வேலைக்கு வருவார்கள். அவர்களைப் பழக்குபவர் மேற்பார்வை ரேஞ்சர். யாருக்கு எந்த இடம், எந்த நேரம் என்று பட்டியல் போடுவது அவர் பொறுப்பு. எச்சரிக்கைப் பலகை, துண்டுப் பிரசுரம் எல்லாவற்றையும் அவர் கவனிக்க வேண்டும். புதியவர் பேசும்போது கூட்டத்தின் பின்வரிசையில் நின்று கேட்பார். சொல்வது உண்மையா? கடைசியில் இருப்பவருக்குக் காது கேட்கிறதா? குழந்தைக்குப் புரிகிறதா? பிறகு தனியே அழைத்துத் திருத்துவார்.

குழந்தைகளுக்குத் தனி ஏற்பாடு உண்டு. ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அதில் உள்ள கேள்விகளுக்கு விடை எழுதி, உறுதிமொழி எடுத்துக்கொண்டால் "ஜூனியர் ரேஞ்சர்" என்ற சின்னம் கிடைக்கும். பிறகு அப்பா தடுப்பைத் தாண்டினால், குழந்தையே கையைப் பிடித்து இழுக்கும்!

48 பேரும் ஒருவரும்

ஒரு காலத்தில் இங்கே ஜனங்கள் காரை நிறுத்திக் கரடிக்குத் தின்பண்டம் கொடுப்பார்கள். எச்சில் உணவைக் கொட்டிக் கரடிகளை வரவழைத்து, அதை வேடிக்கையாகக் காட்டியதும் உண்டு. பலன் என்ன? 1931 முதல் 1969 வரை, ஆண்டுக்குச் சராசரி 48 பேர் கரடிகளால் காயம் அடைந்தார்கள்.

1970-ல் வழி மாறியது. குப்பைமேடுகளை மூடினார்கள். கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டிகளை வைத்தார்கள். தீனி போடக் கூடாது என்ற சட்டத்தைக் கண்டிப்பாக்கினார்கள். "மனிதன் கையால் தின்று பழகிய கரடி கடைசியில் சாகத்தான் வேண்டிவரும்" என்று ஜனங்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். இப்போது காயம் அடைவோர் ஆண்டுக்குச் சராசரி ஒருவர்தான்.

சட்டம் வேண்டும். தொட்டியும் வேண்டும். ஆனால் 9 ஆயிரம் சதுர கிலோ மீட்டரிலும் காவல் நிற்க முடியுமா? ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு காவலரை நிறுத்திவிட்டால், வேறு காவல் அதிகம் தேவையில்லை. அதைத்தான் இந்த ரேஞ்சர்கள் செய்கிறார்கள்.