30 அங்குலக் கணக்கு

அமெரிக்கப் புறநகரில் வீடு வாங்கும் நம்மவர்களுக்கு மனையின் அளவு முதலில் பெருமையாகத்தான் இருக்கும். முக்கால் ஏக்கர் என்றால் நம் கணக்கில் 75 சென்ட். வீடு, கார் பாதை, மரங்கள் எல்லாம் போக 50 சென்டாவது புல் மட்டும் இருக்கும். சென்னைக் கணக்கில் சொன்னால் ஒன்பது கிரவுண்டு. ஏப்ரல் பிறந்து புல் துளிர்த்ததும் பெருமை கொஞ்சம் இறங்கும். வாரா வாரம் வெட்டியாக வேண்டும். கடைக்குப் போனால் தள்ளிக்கொண்டு நடக்கும் சாதாரண மோவர் 21 அங்குலம் வெட்டும். அடுத்துக் கண்ணில் படுவது உட்கார்ந்து ஓட்டும் 42 அங்குல டிராக்டர். முன்னதை வைத்துக்கொண்டு நடந்து மாளாது. பின்னது கொல்லைப்புற வேலிக் கதவுக்குள் நுழையாது. இந்த இரண்டுக்கும் நடுவே பலர் கவனிக்காத ஒரு வகை இருக்கிறது. நடந்தேதான் ஓட்ட வேண்டும், ஆனால் ஒரே ஓட்டத்தில் 28 முதல் 36 அங்குலம் வரை வெட்டும்.

வெட்டாமல் விட்டால் என்ன என்று கேட்கலாம். பல ஊர்களில் புல் 8 அல்லது 10 அங்குலம் தாண்டினால் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வரும். நியூயார்க் அருகே 1947-ல் எழுந்த லெவிட்டவுன் குடியிருப்பில், வாரம் ஒருமுறை புல் வெட்ட வேண்டும் என்பது வீட்டுப் பத்திரத்திலேயே நிபந்தனையாக இருந்தது. 2005-ல் கிறிஸ்டினா மிலேசி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு மதிப்பிட்டதில், அமெரிக்கப் புல்தரைகளின் மொத்தப் பரப்பு சுமார் 1,64,000 சதுர கி.மீ. தமிழ்நாட்டின் பரப்பே 1,30,000 சதுர கி.மீ.தான். அவ்வளவு புல், ஒரு மாடுகூட வாய் வைக்காத புல்!

இயந்திரம் பிறந்தது இங்கிலாந்தில். குளோஸ்டர்ஷயரின் ஸ்ட்ரவுட் பக்கத்துக் கம்பளி ஆலைகளில், துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீவிச் சமப்படுத்த உருளைக் கத்தி பூட்டிய இயந்திரம் இருந்தது. எட்வின் பட்டிங் அதே உருளையைப் புல்லின் மேல் ஓடவிட்டு 1830-ல் காப்புரிமை வாங்கினார். கோல்ஃப் மைதானத்திலும் கிரிக்கெட் ஆடுகளத்திலும் இன்றும் உழைப்பது அந்த உருளை வகைதான்; சுழலும் கத்திக்கும் அசையாத கத்திக்கும் நடுவே புல்லைச் சிக்கவைத்துக் கத்தரிக்கும். வீட்டு மோவரின் வழி வேறு. தரைக்கு இணையாகச் சுற்றும் ஒரு பட்டைப் பிளேடு, அரிவாள் வீச்சு மாதிரி, வேகத்தை மட்டும் நம்பி வெட்டுகிறது. புல்லை அந்தப் பக்கத்திலிருந்து தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. வேகம் குறைந்தால் புல் மடங்கிப்போகும், அல்லது கிழியும்.

அதற்காக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. கல்லும் குச்சியும் பிளேடில் பட்டுத் தெறிக்கும். அமெரிக்கப் பாதுகாப்புத் தரநிர்ணயம் பிளேடின் நுனி வேகத்துக்கு நிமிடத்துக்கு 19,000 அடி என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. மணிக்கு ஏறத்தாழ 350 கி.மீ. 21 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் நுனி வேகம் சுமார் 16,500 அடி. வரம்புக்குள் அடங்குகிறது. அதே சுற்றில் 30 அங்குல பிளேடைச் சுழற்றினால் 23,500 அடியைத் தொட்டுவிடும். ஆகவே அகலத்தைக் கூட்ட வேண்டுமானால் ஒன்று சுற்றைக் குறைக்க வேண்டும், இல்லை பிளேடை இரண்டாக்க வேண்டும். பெரும்பாலான அகல மோவர்களில் இரண்டு சின்ன பிளேடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது இதனால்தான்.

கடையில் இப்படி ஒன்றைப் பார்த்தால் கைப்பிடியில் உள்ள வசதிகளைப் பார்ப்பதற்கு முன் குனிந்து அடிவயிற்றைப் பாருங்கள். பிளேடுகளை மூடிக் கவிழ்ந்திருக்கும் உலோகக் கூட்டை டெக் என்பார்கள். ஒவ்வொரு பிளேடிலும் வெளிநுனியில் சில அங்குலம் மட்டுமே கூர் இருக்கும், மீதியெல்லாம் மொட்டை. கூருக்குப் பின்விளிம்பு இறக்கை போல மேல்நோக்கி வளைந்திருக்கும். சுற்றும்போது அதுதான் விசிறியாகிக் காற்றை மேலே இழுத்து, படுத்திருக்கும் புல்லை நிமிர்த்திக் கூருக்குக் காட்டுகிறது. இரண்டு பிளேடும் ஒன்றன் வட்டத்துக்குள் மற்றது கொஞ்சம் நுழைய வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் ஒரு வரிப் புல் வெட்டுப்படாமல் நிற்கும். அப்படி நுழைந்தும் முட்டிக்கொள்ளாமல் இருக்க இரண்டு வழி. ஒரு பிளேடைச் சற்று முன்னும் மற்றதைப் பின்னும் வைக்கலாம். அல்லது இரண்டையும் ஒரே வரிசையில், ஒன்று நெடுக்கே இருக்கும்போது மற்றது குறுக்கே இருக்கும்படி பூட்டி, பற்கள் உள்ள பெல்ட்டால் பிணைக்கலாம். இரண்டாவது வகையில் பெல்ட் பல் தாண்டினால் பிளேடும் பிளேடும் மோதும். பெல்ட் தேய்மானத்தை அதில் அசட்டையாக விடக்கூடாது.

இப்போது நடைக் கணக்கு. எந்த மோவரையும் அதன் முழு அகலத்துக்கு ஓட்ட முடியாது. முந்தைய வரியின் மேல் மூன்று அங்குலமாவது ஏற்றி ஓட்டினால்தான் இடைவெளி விழாது. 21 அங்குலம் கையில் 18 ஆகிறது, 30 அங்குலம் 27 ஆகிறது. 50 சென்ட் புல்லுக்கு 18 அங்குலமாக நடந்தால் 4.4 கி.மீ. நடக்க வேண்டும், 27 அங்குலமாக நடந்தால் 3 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. மூன்றில் ஒரு பங்கு நடை மிச்சம். திருப்பங்களும் அதே விகிதத்தில் குறைகின்றன. மணிக்கு ஏக்கர் எவ்வளவு என்று பார்க்க எளிய வாய்பாடு: அங்குல அகலத்தை மணிக்கு மைல் வேகத்தால் பெருக்கி 99-ஆல் வகுத்தால் போதும். திருப்பத்துக்கும் மேலேற்றத்துக்கும் சேர்த்து ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். மூன்று மைல் வேகத்தில் 50 சென்டுக்கு 21 அங்குலம் ஒரு மணி நேரம் வாங்கும், 30 அங்குலம் 40 நிமிடம்.

இந்த 40 நிமிடம் மே மாதத்தில் பலிக்காது. வடமாநிலங்களில் புல் வசந்தத்தில் வெறிகொண்டு வளரும். 30 அங்குல வீட்டு மோவர்களில் வரும் 223 சிசி எஞ்சினை, 21 அங்குலத்தில் வரும் 160 சிசி எஞ்சினோடு ஒப்பிட்டால் அங்குலத்துக்குக் கிடைக்கும் சிசி கொஞ்சம் குறைவுதான். அடர்ந்த ஈரப்புல்லில் எஞ்சின் மூச்சுமுட்டும், இரண்டு பிளேடும் சந்திக்கும் நடுப்பகுதியில் புல் கட்டியாக அடைக்கும். நடையைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருக்கும். வெட்டிய புல்லைத் துண்டுதுண்டாக்கி அங்கேயே போடும் மல்ச்சிங் முறையில் இது இன்னும் கூடும். பக்கவாட்டில் வெளியே தள்ளும் வழி இருக்கிற மாடலாகப் பார்ப்பது நல்லது.

தரையைப் பற்றி விற்பனையாளர்கள் அதிகம் பேசுவதில்லை. எனக்கோ அகலத்தைத் தீர்மானிப்பதே தரைதான் என்று தோன்றுகிறது. டெக் நான்கு சக்கரத்தில் நிற்கும் ஒரு பலகை. சக்கரங்களுக்கு நடுவே ஒரு மேடு வந்தால் பலகை அதைப் பார்த்து உயராது. பிளேடு மேட்டுப் புல்லை மண்ணோடு மழித்துவிட்டுப் போகும். டெக் அகல அகல இந்த ஆபத்து கூடும். எவ்வளவு கூடும் என்பது புல்லின் வகையைப் பொறுத்தது. நியூஜெர்சியில் ஃபெஸ்க்யூவையும் கென்டக்கி புளூகிராஸையும் மூன்று அங்குல உயரத்துக்கு விட்டு வெட்டுகிறார்கள். ஒரு அங்குல மேடு வந்தாலும் பிழைத்துக்கொள்ளும். டெக்ஸஸில் பெர்முடா. அது வேறொன்றுமில்லை, நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான். அதை ஒன்று, இரண்டு அங்குலத்துக்கு ஒட்ட வெட்டுவது வழக்கம். மேடுபள்ளமான தரையில், அருகம்புல்லில், 36 அங்குல டெக் ஓட்டினால் வழுக்கைத் திட்டுகள் நிச்சயம். அங்கே முதலில் மண் போட்டுத் தரையைச் சமப்படுத்துங்கள், இல்லாவிட்டால் 21 அங்குலத்தோடு நில்லுங்கள்.

கதவை அளப்பது அடுத்த வேலை. பெட்டியில் எழுதியிருக்கும் 30 அங்குலம் வெட்டும் அகலம் மட்டுமே. டெக்கின் விளிம்பு, சக்கரம், பக்கவாட்டு வாய் எல்லாம் சேர்ந்து அதைவிடச் சில அங்குலம் கூட வரும். 36 அங்குலக் கதவில் 30 அங்குல மோவர் நுழையும். 36 அங்குல மோவர் நுழையாது. கார் கராஜில் வைக்கும் இடத்தையும் பாருங்கள். 21 அங்குலத்தில் சில மாடல்களைச் செங்குத்தாக நிமிர்த்திச் சுவரோரம் வைக்கலாம். அகல மோவர் 60 கிலோவுக்கு மேல் எடை, வைத்த இடத்தில் படுத்தே கிடக்கும். அந்த எடையை ஒவ்வொரு வரி முடிவிலும் கைப்பிடியை அழுத்தி, முன்சக்கரம் தூக்கித் திருப்ப வேண்டும். நீண்ட செவ்வகத் தோட்டத்தில் இது தெரியாது. பத்து மரமும் ஐந்து பூப்பாத்தியும் உள்ள தோட்டத்தில் தோள்பட்டை சொல்லும்.

சரிவில் மட்டும் நடந்து ஓட்டும் வகைக்கு டிராக்டரைவிடச் சாதகம் அதிகம். டிராக்டர் கவிழ்ந்தால் ஆளோடு கவிழும். சரிவில் டிராக்டரை மேலும் கீழுமாக ஓட்டச் சொல்வார்கள். நடை மோவரைக் குறுக்காக ஓட்ட வேண்டும், கால் வழுக்கினாலும் பிளேடுக்குள் போகாமல் இருக்க.

32, 36, 48 அங்குலம் என்று போகும்போது நாம் வேறு ஊருக்கு வந்துவிடுகிறோம். ஸ்காக், எக்ஸ்மார்க், ஃபெரிஸ் போன்ற பெயர்கள் வரும். இவை புல் வெட்டித் தொழில் செய்பவர்களுக்கானவை. டெக் தகரத்தை வளைத்துச் செய்ததாக இருக்காது, தடித்த எஃகை வெல்டிங் செய்திருப்பார்கள். இரண்டு கைப்பிடியும் தனித்தனிச் சக்கரத்தைக் கட்டுப்படுத்துவதால் நின்ற இடத்திலேயே திரும்பும். ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். கைப்பிடியை விட்டால் மூன்று நொடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்பது அமெரிக்காவில் 1982-லிருந்து வீட்டு நடை மோவர்களுக்குக் கட்டாயம். 8 குதிரைத்திறன், 200 பவுண்டு எடை, 30 அங்குல அகலம் ஆகிய மூன்றையும் ஒருசேரத் தொட்ட இயந்திரம் இந்தச் சட்டத்துக்கு வெளியே. அது தொழிலாளிக்கானது, அவருக்குப் பழக்கம் இருக்கும் என்பது கணக்கு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள் என்றால் இந்த ஒரு காரணமே போதும், 30 அங்குல வீட்டு வகையோடு நிறுத்திக்கொள்ள.

எனது பரிந்துரை இப்படி: புல் 25 சென்டுக்குக் கீழே என்றால் 21 அங்குலமே போதும், கூடுதல் பணம் வீண். 25 முதல் 75 சென்ட் வரை, தரை ஓரளவு சமமாக இருந்தால், இரட்டை பிளேடு 30 அங்குலம். சுமார் 1,500 டாலர் ஆகும், 21 அங்குலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. பேட்டரி வேண்டுமென்றால் டோரோ நிறுவனம் 60 வோல்ட்டில் 30 அங்குலம் விற்கிறது. 2024 மாடலிலிருந்து புது பெட்ரோல் மோவர் விற்பனைக்குக் கலிஃபோர்னியா கெடுபிடி வைத்திருப்பதால் அங்கே இருப்பவர்களுக்கு அதுதான் வழி. மற்ற இடங்களில் 50 சென்டை ஒரே சார்ஜில் முடிக்க முடியுமா என்று, தன் புல்லின் அடர்த்தியை மனதில் வைத்துக் கேட்டுவிட்டு வாங்க வேண்டும்.

முக்கால் ஏக்கருக்கு மேல் புல், அகலமான கதவு, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்றால் தொழில்முறை 36 அங்குலம் யோசிக்கலாம். புதிது பல ஆயிரம் டாலர். ஆனால் தொழில்காரர்கள் சீசன் முடிந்ததும் பழையதைக் கழிப்பார்கள். நவம்பரில் தேடினால் பாதி விலையில் கிடைக்கலாம். பார்க்கப் போகும்போது முதலில் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். பிறகு டெக்கின் அடியில் விரிசலோ ஒட்டு வெல்டிங்கோ இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொரு பிளேடின் நுனியையும் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். ஆடினால் பிளேடைத் தாங்கிச் சுழலும் அச்சின் (ஸ்பிண்டில்) பேரிங் போயிருக்கிறது, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம்.