ஒளிபுகு கூரையும் ஓரப்பட்டையும்

திருவனந்தபுரம் மாவட்டத்து உதியன்குளங்கரையில் இடவப்பாதி மழையும் துலா மழையுமாக ஆண்டில் இரு பருவங்கள் பெய்கின்றன. இத்தகைய ஊர்களில் பாலிகார்பனேட் கூரை சுவரைச் சந்திக்கும் இடுக்கில் நீர் கசியாதிருக்க, ‘பிளாஷிங்’ எனப்படும் ஓரப்பட்டை இன்றியமையாதது.

பல நாடுகளில் இதற்கு ஈயத்தகடு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளது. ஈயம் எளிதில் வளையும், ஆயினும் நஞ்சாகும். அதன்மீது வழியும் மழைநீரைக் குடிப்பதற்குச் சேமித்தல் தகாது. அலுமினிய வலையின்மீது ரப்பர் போர்த்தி, அடியில் பியூட்டைல் பசை பூசிய பட்டைகள் அதற்கு மாற்றாகும்.

பாலிகார்பனேட் வெப்பத்தால் மிகுதியாக விரியும் இயல்பினது. 3 மீட்டர் நீளமுள்ள கூரைத்தகடு, வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் நீளும். சுவரோ அவ்வளவு விரிவதில்லை. பட்டையின் இரு ஓரங்களையும் திருகாணியால் இறுக்கினால் பட்டை கிழியும். அல்லது தகடு வெடிக்கும்.

ஆதலின், கூரைத்தகட்டிற்கும் சுவருக்கும் இடையே அது விரிய இடம் விடவேண்டும். பட்டையின் மேலோரத்தைச் சுவரில் சுமார் 25 மில்லிமீட்டர் ஆழமாக வெட்டிய காடியில் செருகி, நடுநிலைச் சிலிகோன் பசையால் அடைத்தல் வேண்டும். கீழோரம், துடைத்து உலர்த்திய தகட்டின்மீது 15 சென்டிமீட்டர் அகலம் படியுமாறு ஒட்டப்படவேண்டும். அங்குத் திருகாணி கூடாது. வளைவில் சிறிது தளர்வு இருத்தல் நலம். தகட்டைத் துடைக்கத் தின்னரோ அசிட்டோனோ பயன்படுத்தலாகாது. தகட்டில் வெடிப்புகள் தோன்றும்.

ஆசிரியர்கள் அதிகாலையிலும் நண்பகலிலும் அவ்விடைவெளியை மாணவர்களைக் கொண்டு அளந்து, திடப்பொருளின் விரிவை விளக்கலாம்.